போண்டா கடைக்காரர் சுட்ட டோனட்

கண்ணாயிரம் எண்ணெயைப் பார்க்க மாட்டார், கேட்பார். வாணலி காய்ந்ததும் மாவில் ஒரு மிளகளவு கிள்ளி, ஓரமாக, சத்தம் காட்டாமல் எண்ணெயில் வழுக்கி விடுவார். உடனே கண்ணை மூடி வலது காதைக் கீழே சாய்ப்பார். மாவு அடியில் போய் உட்காரும். ஒரு மூச்சு நேரம் ஒன்றும் நடக்காது. பிறகு பொடிப்பொடியாக ஒரு சத்தம் கிளம்பும், மாவு மேலே வரும். அதற்கு அவர் "ம்" என்பார், யாரோ கூப்பிட்டதற்குப் பதில் சொல்வது மாதிரி. அந்த "ம்"முக்குப் பிறகுதான் முதல் போண்டா.

மலைமேல், ஜமுனாமரத்தூருக்கு முந்தின நிறுத்தத்தில் இருக்கிறது அவர் கடை. எதிரே கிளைத் தபால் நிலையம். அங்கேதான் எனக்கு வேலை. சொந்த ஊர் போளூர். தபாலாபீசுக்குப் பின்னால் ஒரு அறையில் தனியாக இருக்கிறேன். எனக்குப் பேச வராது. "இந்தத் தம்பி வாயத் தொறந்தா ஸ்டாம்புதான் வுழும் போல" என்று கடையில் நிற்பவர்களிடம் சொல்லிச் சிரிப்பார் கண்ணாயிரம். அவர் மனைவி பூங்கோதை அக்கா அந்தக் கடைக்கு வெங்காயம் அரிவார், சட்னி அரைப்பார், வாங்க வருகிறவர்களை வைவார். "சட்னி கேட்டா போண்டா வாங்கணும். போண்டா வாங்குனா சட்னி குடிக்கக் கூடாது." அவர் திட்டு வாங்குவதற்கென்றே பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

போன வருஷம் சாமை கதிர் பிடிக்கிற சமயத்தில் அக்காவுக்கு வயிற்று வலி வந்தது. வேலூரில் பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுக் கட்டி என்றார்கள். ஊசி ஆரம்பித்தார்கள். நானும் ஒரு தடவை அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். இரண்டாவது ஊசிக்குப் பிறகு அவருக்கு எண்ணெய் வாசனை ஆகாமல் போயிற்று.

"இந்தாளு தெரு முனையில வரும்போதே எனக்குக் கொமட்டுது தம்பி" என்றார் அக்கா.

கண்ணாயிரம் சீயக்காய் போட்டுத் தேய்த்தார். எலுமிச்சைத் தோலால் தேய்த்தார். சாம்பலால்கூடத் தேய்த்தார். குளித்துவிட்டு ஈரத் தலையோடு தபாலாபீஸ் ஜன்னலுக்கு வந்து கையை உள்ளே நீட்டுவார்.

"மோந்து சொல்லுங்க தம்பி, இருக்குதா? மீச மொளைக்காத காலத்துலருந்து எண்ணெயில நிக்கிறேன். எம் மூக்கு செத்துப்போச்சு, எனக்குத் தெரிய மாட்டுது."

மோந்து பார்ப்பேன். "கொஞ்சம் இருக்குதுண்ணா."

திரும்பக் குளிக்கப் போவார். கடைசியில் கடையையே மூடினார். வாணலி வீட்டுக்குப் பின்னால் கவிழ்ந்து கிடந்தது, அதன் முதுகில் மழைத் தண்ணீர் நிற்காமல் வழிந்துகொண்டிருந்தது.

டாக்டர் சொன்னது இதுதான்: எடை இதற்கு மேல் இறங்கக் கூடாது, இறங்கினால் அடுத்த ஊசியை உடம்பு தாங்காது, போட மாட்டோம். ஆனால் அக்கா உடம்பில் எதுவும் தங்கவில்லை. சாமைக் கஞ்சி தங்கவில்லை, இட்லி தங்கவில்லை, இளநீர்கூடத் தங்கவில்லை. தங்கியது என்று அவர் சொன்னது ஒன்றே ஒன்று. ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் இருந்த படவேட்டு வெள்ளையம்மாளுக்கு அவர் மகன் ஒரு பெட்டி டோனட் வாங்கி வந்திருக்கிறான். கண்ணாயிரம் மருந்து வாங்கப் போயிருந்த நேரம். அவர் திரும்பி வந்தபோது அக்கா சொன்னாராம்: "அந்தம்மா ஒண்ணு குடுத்துச்சி. துன்னேன். வயித்துல நின்னுக்கிச்சு."

அந்த "நின்னுக்கிச்சு"வைப் பிடித்துக்கொண்டு அவர் மலையேறி நேராக என்னிடம் வந்தார்.

"தம்பி, டோனட்டுன்னா இன்னா?"

செல்லில் படம் காட்டினேன். முகம் மலர்ந்தது. "அட, ஓட்ட போட்ட பன்னு! வட தட்டுறவனுக்கு இது ஒரு வேலயா?"

"எண்ணெயிலதான் சுடுவாங்கண்ணா."

அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. என் அறைக்குக் கூட்டிப்போய், கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டியை இழுத்து வெளியே வைத்தேன். ஏர் ஃப்ரையர். சென்னையில் இருக்கிற என் கூடப்பிறந்த அக்கா சசிகலா, தனியாக இருக்கிற தம்பி பொரித்துச் சாப்பிடட்டும் என்று கொடுத்தது. நான் பிரிக்கவேயில்லை. எண்ணெய் இல்லாமல் காற்றில் வேகும் என்று சொன்னேன். அவர் பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தார். வீடியோ ஒன்றையும் காட்டினேன். ஒரு பெண் சிரித்துக்கொண்டே மாவு பிசைந்தாள், சிரித்துக்கொண்டே வளையம் வெட்டினாள், ரொம்ப ஈஸி ரொம்ப ஈஸி என்றாள்.

"இந்தப் பொம்பள எதுக்கு இப்டி சிரிக்குது?" என்றார் கண்ணாயிரம். "இது வூட்ல எல்லாரும் நல்லா இருக்காங்க போல."

மிஷினை அவர் வீட்டுக்கே தூக்கிப்போய் வைத்தோம். வேலை முடிந்து சாயந்திரங்களில் நானும் போவேன். முதல் தடவை அவர் கை பழக்கத்தில் மாவைத் தளரப் பிசைந்துவிட்டார். அது கூடையின் துளை வழியாக ஒழுகிக் கீழே கருகியது. இரண்டாவது தடவை மாவு சரி, ஆள் சரியில்லை. மிஷினைப் போட்டதும் காதை அதன்மேல் சாய்த்தார். அது ஒரே சுருதியில் 'உய்' என்று இரைந்தது. காதுமடல் சுட்டுக்கொண்டதுதான் மிச்சம்.

"ஒண்ணும் சொல்ல மாட்டுதே தம்பி."

சொல்லாததால் திறந்தார். கூடையை இழுத்தால் மிஷின் நின்றுவிடும், உள்ளே இருக்கிற சூடு வெளியே போய்விடும். மூடுவார், உடனே திரும்ப இழுப்பார்.

"இஸ்து இஸ்து பாக்காதீங்கண்ணா."

"பாக்கவும் கூடாது, கேக்கவும் முடியாது. அப்ப நான் இன்னாத்துக்கு இங்க நிக்கிறேன்? பெரிய பேஜாரா போச்சு."

வெளியே தோல் மாதிரியும் உள்ளே பச்சை மாவுமாக ஒன்று வந்தது. அதைத் தட்டில் வைத்துக் கதவோரமாகவே நின்று கையை நீட்டிக் கட்டிலுக்குத் தள்ளினார். பக்கத்தில் போனால் வாசனை வருமே. அக்கா ஒரு துணுக்கு கிள்ளி நாக்கில் வைத்துத் துப்பினார். "இது இல்ல. அது பஞ்சு மாதிரி மெத்துனு இருந்துச்சி."

மறுநாள்: "ஏலக்கா வாசன வந்துச்சிய்யா அதுல." ஏலக்காய் தட்டிப் போட்டார். அதற்கடுத்த நாள்: "ஏலக்காயா? அதுல ஏலக்காயே இல்லியே. வேற இன்னாவோ." நான் இதைக் கவனித்தேன். காய்ச்சலில் மறக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

இன்னொன்றையும் கவனித்தேன். நோய் வந்ததிலிருந்து கண்ணாயிரம் வீட்டுக்குள் கிசுகிசுப்பாகத்தான் பேசுவார். அக்காவைப் பார்க்கும்போது அவர் முகம், விளக்கை அணைத்துவிட்டுப் போன அறை மாதிரி ஆகிவிடும். "எழவு வூட்டு மூஞ்சிய தூக்கினு வராதய்யா, நான் இன்னும் சாவல" என்று அக்கா கத்துவார். மிஷினோடு மல்லுக்கட்டும்போது மட்டும் அவருக்கு அந்த முகம் மறந்துவிடும். அக்கா ஒருக்களித்துப் படுத்து, கன்னத்துக்கு அடியில் கையைக் கொடுத்து, அவரையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"மிஷினு கூட சண்ட போட்டு தோத்த ஆம்பள நீ ஒருத்தன்தான்யா."

"நீ வாய மூடு மே! பஞ்சு மாதிரி வேணுமாம், பஞ்சு. பஞ்ச வாங்கியாந்து தரேன், துன்னு!"

கத்திவிட்டு அவரே திகைத்து நிற்பார். அக்காவின் கட்டில் சிரிப்பில் லேசாக ஆடும்.

மார்கழிக் குளிரில் மாவு எழும்பவில்லை. ஈஸ்ட் போட்டு மூடி வைத்தால் கல் மாதிரி அப்படியே கிடந்தது. ஆஸ்பத்திரி போகிற நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அக்காவின் வளையல்கள் முழங்கை வரை ஏறி இறங்கின. கண்ணாயிரம் மாவுக் கிண்ணத்தை வெயிலில் வைத்தார். வெயில் நகர நகரப் பின்னாலேயே தூக்கிப்போய் வைத்தார். மலையில் அந்த மாதத்தில் வெயில் என்பது வெளிச்சம்தான்.

"இங்க குடுய்யா அத்த" என்றார் அக்கா. "எனக்குதான் ஜொரம் அடிக்குதே. எதுக்காச்சும் ஆவட்டும்."

கிண்ணத்தை வயிற்றின் மேல் வைத்துக் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டார். நாங்கள் காத்திருந்தோம். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ரொம்ப நேரம் கழித்து அக்கா கம்பளியை விலக்கினார். மாவு கிண்ணத்தை மீறி உப்பியிருந்தது.

"பெருத்துக்கிச்சு பாரு. ஊர்ல எவளாச்சும் கேட்டா சொல்லு."

கண்ணாயிரம் சத்தமாகச் சிரித்தார். சிரித்துக்கொண்டே பின்வாசல் வழியாகப் போனவர் உடனே திரும்பி வரவில்லை. நான் தரையில் சிந்தியிருந்த மாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வேலூருக்குக் கிளம்ப வேண்டிய நாளுக்கு முந்தின சாயந்திரம் அது. கண்ணாயிரம் டம்ளரைக் கவிழ்த்து வட்டம் வெட்டினார். நடுவில் ஓட்டை போட அக்காவின் மருந்து பாட்டில் மூடி. மிஷினைப் போட்டதும் வீட்டு பல்பு மஞ்சளாகச் சுருங்கியது. கை தானாகக் கூடைக்குப் போயிற்று.

"யோவ். அங்க வேணாம். இங்க வந்து குந்து."

"வெந்துச்சா இன்னான்னு..."

"அதுக்கு மணி இருக்குது இல்ல? அது அடிக்கும். வா இங்க."

"நான் வந்தா வாசன அடிக்கும்மே."

"அடிக்கட்டும்."

கண்ணாயிரம் என்னைப் பார்த்தார். பிறகு கட்டிலின் கால்மாட்டில், மிஷினுக்கு முதுகைக் காட்டி, பாதி உடம்பு வெளியில் இருக்கிற மாதிரி உட்கார்ந்தார். அக்கா காலைத் தூக்கி அவர் மடியில் போட்டார். அவர் தலை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் திரும்பியது. அக்கா எட்டி அவர் காதைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினார். குமட்டல் வந்தது. கண்ணை மூடி விழுங்கிக்கொண்டார், காதை விடவில்லை.

மணி அடித்தது. கண்ணாயிரம் "ம்" என்றார்.

பொன்னிறமாக இருந்தன. வெண்ணெய் தடவிச் சர்க்கரையில் புரட்டி ஒன்றைக் கொடுத்தார். அக்கா தின்றார். கட்டிலுக்கு அடியில் வாளி தயாராக இருந்தது. நடுவில் இரண்டு முறை நிறுத்தி மூச்சு வாங்கினார், நெற்றியில் வேர்த்தது. ஆனாலும் முழுசாகத் தின்றார். வாளியை யாரும் தொடவில்லை.

"அது மாதிரி இருக்குதா?" என்றார் கண்ணாயிரம்.

"அதேதான்யா. அப்டியே அதே."

அவர் அந்த டம்ளரை எடுத்துப்போய்க் கழுவ ஆரம்பித்தார். கழுவிய டம்ளரையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார்.

மறுநாள் மிச்சத்தை டப்பாவில் போட்டுக்கொண்டு அமிர்தி வழியாகப் போகிற பஸ்ஸில் வேலூர் போனார்கள். சாயந்திரமே திரும்பினார்கள். அக்காவைக் கைத்தாங்கலாக வீட்டில் விட்டுவிட்டுக் கண்ணாயிரம் ஜன்னலுக்கு வந்தார்.

"எட மிஷினு முள்ளு எறங்கிதான் இருந்துச்சி தம்பி. ஊசி போடல. வூட்டுக்கு இட்டுனு போய்டுன்னுட்டாங்க." ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "இன்னொரு பாக்கெட்டு ஈஸ்ட்டு கெடைக்குமா? போளூர் போனீங்கன்னா?"

வாங்கி வந்து கொடுத்தேன். தினமும் சுட்டார். மணி அடிக்கும் வரை தினமும் கட்டிலில் உட்கார்ந்தார். அக்கா பாதி தின்றார், பிறகு கால், பிறகு மேலே இருந்த சர்க்கரையை மட்டும் நக்கினார். "நல்லா இருக்குதுய்யா" என்று கடைசி வரை சொன்னார். மாசியில், ஊரே புளி உலுக்கிக்கொண்டிருந்தபோது, இறந்துபோனார்.

காரியம் முடிந்து கண்ணாயிரம் மிஷினைக் கழுவித் துடைத்துப் பழைய பெட்டியிலேயே வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். "மோந்து பாருங்க தம்பி. ஒரு வாசனயும் இருக்காது." இல்லை. சித்திரையில் கடையைத் திறந்தார். இப்போதும் மாவு கிள்ளிப் போடுகிறார், காதைச் சாய்க்கிறார். சட்னி எவ்வளவு கேட்டாலும் ஊற்றுகிறார்.

ஆடி மாதம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு படவேட்டுக் கோயிலுக்குப் போனேன். தேங்காய்க் கடையில் ஒரு அம்மாள் என்னையே உற்றுப் பார்த்தார். "தபாலாபீசு புள்ளதானே நீ? ஆஸ்பத்திரிக்கு ஒரு தபா அந்தப் பொண்ணப் பாக்க வந்த இல்ல?" வெள்ளையம்மாள். தலையில் முடி திரும்ப முளைத்துச் சுருள் சுருளாக இருந்தது. பூங்கோதை எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். சொன்னேன். தேங்காயைக் கீழே வைத்துவிட்டார்.

டோனட் சுட்ட கதையையும் சொன்னேன். என்னவோ அவரிடம் சொல்லத் தோன்றியது. முழுசாகக் கேட்டார்.

"அந்த டோனட்ட அது துன்னவே இல்லியேப்பா" என்றார். "நான் குடுத்தேன், வாய்கிட்ட கொண்டுபோச்சு, கொமட்டிக்கினு எம் புள்ள கையிலயே திருப்பிக் குடுத்துடுச்சு. இதுக்கு முன்னாடி துன்னதும் இல்லன்னு சொல்லுச்சு. வூட்டுக்காரு மருந்து வாங்கினு உள்ள வர்றது தெரிஞ்சுது. அவரு கேட்டா துன்னுட்டேன்னு சொல்லுக்கா, அந்த மூஞ்சிய பாக்க முடியலன்னுச்சு. அவரு கேட்டாரு. ஆமா, துன்னுச்சேன்னு நான்தான் சொன்னேன்."