சித்தி பெருக்கிய மாடி

எங்கள் ஊரில் சகோதரர் சங்கக் கட்டடத்தைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்வார்கள். மாடியில் கண்ணைக் கட்டிக்கொண்டு சத்தியம் செய்கிறார்கள், மண்டையோட்டில் தண்ணீர் குடிக்கிறார்கள் என்றெல்லாம். உள்ளே போய்வந்த ஒரே வெளியாள் என் சித்தி. முப்பத்தாறு வருஷம் அங்கே பெருக்கித் துடைத்தவள். படிக்கட்டை ஒட்டிய கீழறையில்தான் குடியிருந்தாள். அவள் வாயைக் கிளற நான் படாத பாடு பட்டிருக்கிறேன். "மேல தூசிதான் இருக்கு" என்பாள், அவ்வளவுதான்.

சங்கத்துக்காரர்களுக்கு ரகசியம் என்றால் உயிர். கூட்டக் குறிப்புகளை வருஷா வருஷம் எரித்துவிடுவார்கள். கடைசி உறுப்பினரான ஓய்வுபெற்ற தபால்காரர் சாகும்முன், மாடியில் இருப்பதைப் பற்றி யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று சித்தியிடம் வாக்கு வாங்கிக்கொண்டார்.

அடுத்த வருஷமே நகராட்சி எஞ்சினியர் இடிக்கும் உத்தரவோடு வந்து நின்றார். நூறு வருஷம் தாண்டிய கட்டடமென்றால் இடிக்க மாட்டார்களாம், பழுதுபார்ப்பார்களாம். அதற்கு ஆதாரம் வேண்டும். இருந்த காகிதத்தை எல்லாம்தான் அந்த மகானுபாவர்கள் சாம்பலாக்கிவிட்டார்களே.

"எப்ப கட்டினதுன்னு உங்களுக்குத் தெரியுமாம்மா?" என்று எஞ்சினியர் கேட்டார். இருக்கிற இடமே பறிபோகப்போகிறது, சித்தி வாயைத் திறந்து தொலைத்தால்தான் என்ன என்று எனக்கு ஆத்திரம். அவளோ துடைப்பத்தை எடுத்துக்கொண்டு எங்கள் இருவரையும் மாடிக்கு அழைத்துப்போனாள்.

சுவரோரம் ஆளுயர அலமாரி ஒன்று நின்றது.

"இதைக் கொஞ்சம் நகத்திக் குடுங்க. பின்னாடி பெருக்கணும்."

இடியப்போகிற கட்டடத்துக்குப் பெருக்கல் வேறா என்று முணுமுணுத்தபடியே எஞ்சினியர் தோள் கொடுத்தார். நானும் தள்ளினேன். பின்னால், சுவரில் பதித்த அடிக்கல். மேலே வருஷம், கீழே உறுப்பினர்களின் பெயர்கள். பெயர்கள் வெளியே தெரியக் கூடாதென்று வாசலில் வைக்காமல் இங்கே கொண்டுவந்து மறைத்திருக்கிறார்கள். எஞ்சினியர் மனக்கணக்குப் போட்டார். நூற்றுப் பதினோரு வருஷம்.

கல்லில் பொட்டுத் தூசி இல்லை. குச்சி நுனியில் துணி சுற்றி, சந்துக்குள் விட்டு வாராவாரம் துடைத்திருக்கிறாள். சொன்ன சொல்லும் போகவில்லை, கட்டடமும் போகவில்லை. அவள் என் சித்தி என்பதில் எனக்குப் பெருமை தாங்கவில்லை.

உத்தரவை மடித்துப் பையில் வைத்த எஞ்சினியருக்கும் ஆசை விடவில்லை. "அப்படி என்னதாம்மா பண்ணுவாங்க இங்க?"

"அது மெம்பருங்க சமாச்சாரம். நான் பெருக்குறவ. கொஞ்சம் தள்ளி நில்லுங்க."