எரியாத அறையின் தரை

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். தடய அறிவியல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த காலம் முழுக்க அது எனக்குக் கெட்ட பெயரைத்தான் வாங்கிக் கொடுத்தது. ஒரே ஒரு வழக்கில் மட்டும் அந்தக் கோபம் உபயோகப்பட்டது என்று வெகுநாள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். அந்த வழக்கைத்தான் சொல்லப் போகிறேன்.

எழுபதுகளின் கடைசியில் வேதியியல் முடித்துவிட்டுச் சென்னையில் அந்த வேலையில் சேர்ந்தேன். விஷமும் கள்ளச்சாராயமும்தான் மேஜை நிறைய வரும். தீப்பிடித்த வழக்கென்றால் எவரும் சீண்ட மாட்டார்கள். போலீஸ்காரர் கருகிய புடவைத் துண்டைச் செய்தித்தாளில் பொட்டலம் கட்டி எடுத்து வருவார். பஸ்ஸில் வந்து இறங்குவதற்குள் அதிலிருந்த எண்ணெய் பாதி காற்றோடு போயிருக்கும். மூத்தவர் ஒருவர் அதை மூக்குக்கு நேரே பிடித்து மோந்து பார்ப்பார். வாடை வந்தால் மண்ணெண்ணெய் உண்டு, வராவிட்டால் இல்லை. அவருக்கு ஜலதோஷம் பிடித்த வாரங்களில் எத்தனை பேர் தப்பித்தார்களோ என்று ஒருமுறை கேட்டுவிட்டு, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

பிறகு ஸ்டவ் வெடித்துச் செத்ததாகச் சொல்லப்பட்ட பெண்களைப் பற்றிக் கேள்விகள் வர ஆரம்பித்தன. மோந்து பார்த்து எழுதின அறிக்கைகளை வக்கீல்கள் கோர்ட்டில் கிழித்துத் தொங்கவிட்டார்கள். யாராவது முறையாகக் கற்றுக்கொண்டு வர வேண்டும் என்று வடக்கே ஒரு நகரத்தில் நடந்த பயிற்சிக்கு என்னை அனுப்பினார்கள். என் திறமையைப் பார்த்து அனுப்பவில்லை, வேறு எவரும் போகச் சம்மதிக்கவில்லை.

அங்கே பழைய குவார்ட்டர்ஸ் ஒன்றில் கட்டில், நாற்காலி, திரைச்சீலை எல்லாம் போட்டு, எங்களை வெளியே நிற்க வைத்துவிட்டுக் கொளுத்துவார்கள். அணைத்தபின் உள்ளே விட்டு, எங்கே ஆரம்பித்தது என்று கேட்பார்கள். நாங்கள் முழங்காலில் நின்று, குப்பையை அடுக்கு அடுக்காக எடுப்போம். அடியில் கிடப்பது முதலில் விழுந்தது, மேலே கிடப்பது கடைசியில் விழுந்தது. சுவரில் கரி ஏறிய விதம், தரையில் விழுந்த திட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு அர்த்தம் இருந்தது. எடுக்கிற மாதிரியைக் காற்றுப் புகாத டப்பாவில் அடைக்க வேண்டும். எரிந்த இடத்திலிருந்து ஒரு மாதிரி எடுத்தால் எரியாத இடத்திலிருந்தும் ஒன்று எடுக்க வேண்டும். இந்தக் கடைசி விதியை எல்லோரும் தலையாட்டிக் கேட்டுவிட்டு, ஊருக்குத் திரும்பியதும் மறந்துபோனார்கள்.

ஆய்வுக்கூடத்துக்குப் புதிதாக ஒரு கருவியும் வந்தது. எண்ணெய் கலந்த ஆவியை அதற்குள் செலுத்தினால், நீளத் தாளில் மேடு பள்ளமாகக் கோடு இழுத்துக் காட்டும். மண்ணெண்ணெய்க்கு ஒரு கோடு, பெட்ரோலுக்கு ஒரு கோடு. மூக்கை நம்பியிருந்தவர்கள் அன்றிலிருந்து அந்தத் தாளை நம்பினார்கள், அதுவும் கண்ணை மூடிக்கொண்டு.

எண்பதுகளின் நடுவில், கார்த்திகை தீபம் கழிந்த சில நாட்களில், அடி அண்ணாமலையிலிருந்து ஒரு புட்டி வந்தது. எனக்குச் சொந்த ஊர் திருவண்ணாமலை. அதனால் புட்டியோடு வந்த காகிதத்தை இரண்டு தரம் படித்தேன். தீபம் ஏற்றுகிற மாலை நேரத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தின் வீட்டில் ஓர் அறை எரிந்திருக்கிறது. பக்கவாதத்தில் படுத்த படுக்கையாகக் கிடந்த மாமியார் உள்ளேயே இறந்துவிட்டார். மருமகள் கதவை வெளியே கொண்டி போட்டுவிட்டு, ரோட்டில் ஜனங்களோடு நின்று மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூட்டத்தில் தீயணைப்பு வண்டி நகரவே முடியவில்லை. அறையின் தரையைச் சுரண்டி அனுப்பியிருந்தார்கள். கருவி சந்தேகமில்லாமல் மண்ணெண்ணெய்க் கோட்டை இழுத்துக் காட்டியது. மருமகள் வேலூர் ஜெயிலில் இருந்தாள்.

மூத்தவர் பேனாவைத் திறந்துவிட்டார். எரியாத இடத்து மாதிரி எங்கே என்று கேட்டேன். அனுப்பவில்லை, தேவையில்லை என்றார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"எங்க அம்மா வீட்டுத் தரையச் சுரண்டினாலும் இதே கோடுதான் சார் வரும். துடைக்கிற தண்ணியில தினம் கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊத்துவாங்க. எங்க அம்மாவை எப்ப உள்ள வைக்கப் போறீங்க?"

என் தொல்லை தாங்காமல்தான் என்னை ஊருக்கு அனுப்பினார் என்று நினைக்கிறேன்.

அறையைப் போலீஸ் பூட்டி வைத்திருந்தது. கோர்ட்டில் அனுமதி வாங்கி மருமகளையும் அன்றைக்கு வீட்டுக்கு அழைத்து வந்திருந்தார்கள். என் வயதுதான் இருக்கும். இரண்டு பெண் போலீசுக்கு நடுவில், தன் வீட்டு வாசலிலேயே அந்நியப் பெண்போல நின்றாள். அவள் கணவன் முருங்கை மரத்தடியில் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தான். அவனுடைய அக்கா, இறந்த அம்மாவின் ஒரே மகள், என்னைப் பார்த்ததும் நேரே வந்தாள்.

"அம்மாவ உள்ள வச்சுக் கொண்டி போட்டுட்டுப் போயி, ஒண்ணுமே தெரியாத மாதிரி மலையப் பாத்துக்கினு நின்னா மேடம். ரூமுல விளக்குகூட ஏத்தலன்னு அவளே சொல்லிட்டா. அப்புறம் நெருப்பு எங்கிருந்து வந்துச்சு, நீங்களே சொல்லுங்க."

அவள் கேட்டதில் தப்பில்லை. பெற்ற தாயைக் கரிக்கட்டையாகப் பார்த்தவள். நான் உள்ளே போனேன்.

இரும்புக் கட்டில் மட்டும் நின்றிருந்தது. இலவம் பஞ்சு மெத்தை, உடம்பு அழுத்திய இடத்தைத் தவிர எல்லாம் போயிருந்தது. முழங்காலில் உட்கார்ந்து கட்டிலுக்கு அருகே குப்பையை விலக்கினேன். சிவப்பு சிமென்ட் தரையில் கறுப்புத் திட்டுகள், ஒன்று இங்கே ஒன்று அங்கே, எதையோ வாரி இறைத்த மாதிரி. ஊற்றி எரித்தால் தரை இப்படித்தான் இருக்கும் என்றுதான் பயிற்சியில் காட்டியிருந்தார்கள். மூத்தவரோடு அவ்வளவு சண்டை போட்டுவிட்டு, இவளுக்கு ஆயுள் தண்டனை வாங்கிக் கொடுக்கத்தான் வந்தேனா என்று இருந்தது.

வாசலில் நின்ற இன்ஸ்பெக்டரும் அதைப் பார்த்துவிட்டார். "இன்னும் என்னா மேடம் தேடறீங்க? கண்ணுக்கே தெரியுதே."

பிளேடால் ஒரு திட்டை நெம்பினேன். கெட்டிப்பட்ட பாகுபோல் தகடாகப் பெயர்ந்து வந்தது. அடுத்ததும் அப்படியே. எண்ணெய் எரிந்த தரையில் பெயர்த்தெடுக்க ஒன்றும் இருக்காது. திட்டுகள் கட்டிலைச் சுற்றி, விளிம்புக்கு நேர் கீழேதான் இருந்தன. வெளியே வந்து கணவனிடம் கட்டிலுக்கு மேல் என்ன இருந்தது என்று கேட்டேன்.

"கொசுவலைங்க. நைலான். நான்தான் வாங்கினு வந்து கட்டினேன்."

எரிந்து உருகிச் சொட்டிய வலை. எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. ஆனால் வலை தானாகப் பற்றாது. மறுபடி உள்ளே போய்த் கால்மாட்டுப் பக்கக் குப்பையைச் சல்லடையில் போட்டுச் சலித்துக்கொண்டே தரைவரை இறங்கினேன். எல்லாவற்றுக்கும் அடியில், சுவரோரமாக, மூன்று அகல் விளக்குகள் வரிசையாக இருந்தன. வெடித்திருந்தன, ஆனால் கவிழவில்லை. வைத்தவள் நிதானமாக வைத்திருக்கிறாள். அவற்றுக்கு நேர் மேலே சுவரில் கரி விரிந்து ஏறியிருந்தது. தீ அங்கேதான் ஆரம்பித்திருந்தது.

இன்ஸ்பெக்டர் எட்டிப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "விளக்கே ஏத்தலன்னு எழுதிக் கொடுத்திருக்கா மேடம். அப்ப பொய்யி. பொய் சொல்றவ எதுக்குச் சொல்றா?"

கொண்டி, மண்ணெண்ணெய், இப்போது பொய்யும் சேர்ந்துவிட்டது. நான் தோண்டத் தோண்ட அவளுக்குத்தான் குழி ஆழமாகிக்கொண்டிருந்தது.

அவளை உள்ளே அழைத்து வரச் சொன்னேன். கட்டிலைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு ஒரு பயம் இருந்தது. மண்ணெண்ணெய் என்ற வார்த்தையை நான் முதலில் சொல்லிவிட்டால், நான் எடுத்துக் கொடுத்ததாகிவிடும். அவள் வாயிலிருந்துதான் வர வேண்டும். வராமலே போனால் அதோடு சரி.

"வீடு எப்படிம்மா துடைப்பே? தினம் செய்யறதைச் சொல்லு."

"தண்ணி விட்டுத் துடைப்பேங்க."

"வெறும் தண்ணியா?"

அவள் இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள். சொன்னால் தன் கழுத்துக்கே சுருக்கு என்று அவளுக்குத் தெரியும். கிருஷ்ணாயில் ஊற்றி எரித்தாய் என்றுதானே பிடித்து வைத்திருக்கிறார்கள். இதை எதற்கு ஒருத்தி கேட்கிறாள் என்று அவளுக்கு எப்படித் தெரியும்.

"ரெண்டு மூடி கிருஷ்ணாயில் விடுவேங்க," என்றாள் கடைசியில். "முன்னெல்லாம் விட மாட்டேன். அத்தைக்கு முதுவுல புண்ணு வந்ததுலருந்துதான். எறும்பு கட்டில்ல ஏறிடுச்சு ஒரு நாளு. அத்தையால ஓட்ட முடியாது, கையும் வராது. அழுதுக்கினே கெடந்துச்சு. அதுக்கப்புறம் காலைல ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம், வீடு பூரா விட்டுத் துடைப்பேன்."

மாதத்துக்கு ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போகிற நாத்தனாருக்கு எறும்பைப் பற்றித் தெரிந்திருக்காது.

"சரி, விளக்கு?" என்றேன்.

அவள், திறந்த கதவு வழியே கணவன் நின்ற பக்கமாகத் திரும்பினாள். எனக்குப் பொறுமை போய்விட்டது. "அவரை எதுக்குப் பாக்கறே? உள்ள போகப் போறது நீயா அவரா? சொல்லித் தொலைம்மா."

"அத்தைதான் கேட்டுச்சு," என்றாள். "மலையில ஏத்தற நேரத்துக்கு என் கண்ணு முன்னாலயும் விளக்கு எரியட்டும்டி, நான்தான் எழுந்து பாக்க முடியாதேன்னுச்சு. தள்ளித்தான் வச்சேன். நீயாவது போயி பாத்துட்டு வாடின்னு அதுவே அனுப்பிச்சு. நாய் வந்துடும்னு கொண்டி போட்டேன். கொசு நெட்டு கிட்ட நெருப்பு கொண்டு போவாதன்னு இவரு சொல்லியிருந்தாரு. அன்னைக்கு ஓடி வந்து, விளக்கு ஏத்தினியான்னு மொதல்ல அதைத்தான் கேட்டாரு. இல்லன்னுட்டேன். அப்புறம் மாத்திச் சொல்ல எனக்கு வாய் வரல."

கணவன் அப்படியே மரத்தடியில் உட்கார்ந்துவிட்டான்.

நான் கூடத்திலும் சமையலறையிலும் மாட்டுக் கொட்டகையை ஒட்டிய நடையிலும் தரையைச் சுரண்டி, தனித்தனி டப்பாவில் அடைத்தேன். உடம்புக்கு அடியில் எரியாமல் தப்பியிருந்த மெத்தைத் துண்டையும் எடுத்துக்கொண்டேன். சென்னைக்குத் திரும்பி, மெத்தைத் துண்டின் ஆவியைத்தான் முதலில் அந்தக் கருவிக்குள் செலுத்தினேன். மெத்தையில் மண்ணெண்ணெய் இருந்தால் எறும்புக் கதையெல்லாம் எடுபடாது. பேனா மெதுவாகக் கோடு இழுத்துக்கொண்டே போனது. மேடு எழவில்லை. தாள் தீரும்வரை எழவில்லை. கூடத்துத் தரையில் எழுந்தது, நடையில் எழுந்தது, எரிந்த அறையில் இருந்ததைவிடச் சமையலறையில் ஜாஸ்தியாகவே எழுந்தது. ஊற்றி எரிக்கவில்லை, விளக்கிலிருந்து வலை பற்றியிருக்கிறது என்று எழுதினேன். மூத்தவர் கையெழுத்துப் போட்டார். கொலை வழக்கைக் கைவிட்டார்கள், அவள் வெளியே வந்தாள். அன்றைக்கு நான் ஆபீஸ் முழுக்க ஸ்வீட் கொடுத்தேன். எரியாத இடத்து மாதிரி எடுக்காமல் இனி எந்தத் தீ வழக்கையும் வாங்கக் கூடாது என்று சுற்றறிக்கையும் போட்டார்கள். நிலைகொள்ளாத சந்தோஷம் எனக்கு.

அடுத்த கோடையில் லீவுக்கு ஊருக்குப் போனபோது, பஸ் ஸ்டாண்டில் பூக்கடை ஓரமாக அவளைப் பார்த்தேன். என்னை அடையாளம் கண்டு எழுந்து நின்றாள். நன்றி சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன், அதற்காகவே பக்கத்தில் போனேன்.

"வீட்டுல எப்படி இருக்காங்க?" என்றேன்.

"இருக்காருங்க. அக்கா வீட்டுல சாப்பிட்டுக்கறாரு. என் கையால சாப்பிடறதில்ல." பிறகு கேட்டாள், "நீங்க எழுதினதுல, விளக்கு ஏத்தினது யாருன்னு இருக்குதுங்களா?"

"இல்லம்மா. எங்க ஆரம்பிச்சுது, எப்படிப் பிடிச்சுதுன்னு மட்டும்தான் எழுதுவோம். யாருன்னு நாங்க எழுத மாட்டோம். உன் மேல தப்பு இல்லன்னுதானே விட்டாங்க."

அவள் தலையாட்டினாள். முந்தானையைத் திருகிக்கொண்டே மெதுவாகத்தான் சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது திருப்பிச் சொல்லியிருப்பேன்.

"கிருஷ்ணாயில் ஊத்திக் கொன்னுட்டேன்னு ஊரே சொன்னப்ப, நான் பண்ணலன்னு எனக்குத் தெரியும் மேடம். விளக்கால இருக்காது, வேற என்னமோ ஆயிப்போச்சுன்னு நினைச்சுக்குவேன். ஜெயில்ல அதை வச்சுக்கினுதான் தூங்கினேன். இப்ப நீங்க அதையும் எடுத்துக்கினீங்க."