துடைத்த பொட்டு

குற்றாலச் சாரல் தென்காசி வரை தூறிய மதியம், மகளின் பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்கப் போனேன். ஸ்டூடியோக்காரர் மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றியிருந்தார். குழந்தையின் கன்னத்தில் என் மாமியார் வைத்து அனுப்பிய திருஷ்டிப் பொட்டை, பாஸ்போர்ட் படத்தில் இருக்கக் கூடாதென்று அவர் ஈரத்துணியால் துடைத்தார்.

"எங்க போறிய?"

"சிங்கப்பூருக்கு, அண்ணாச்சி. நாலு நாள் சுத்திப் பாக்க."

படம் எடுத்ததும், மேசை டிராயரிலிருந்து மை டப்பாவை எடுத்து அவரே திரும்பப் பொட்டு வைத்தார். எனக்குச் சிரிப்பு வந்தது.

"மையெல்லாம் கடையிலயே வச்சிருக்கியளா?"

அவர் சுவரைக் காட்டினார். வெள்ளைப் பின்னணியில், மாலை போட்ட படத்தில் ஒரு குழந்தை. கன்னத்தில் பொட்டு இல்லை.

"எம் பேத்தி. இதுவும் பாஸ்போர்ட்டுக்கு எடுத்ததுதாம்மா. துடைச்சவன் நாந்தான்."

எனக்குத் திருஷ்டியில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் சிங்கப்பூரில் நாலு நாளும் நான் ஊரைப் பார்க்கவில்லை. மகளின் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.