எண்ணூர் முதல் ராயபுரம் வரை, உமாவின் இடது காதோடு

சகோதரிகளே, மணி பதினொன்றரை. இந்த வேளையில் உட்கார்ந்து எழுதுவதற்கும், அதனால் கையெழுத்து கோணுவதற்கும் மன்னிக்க வேண்டும். நம் கையெழுத்துப் பத்திரிகை காலையில் அடுத்த வீட்டுக்குப் போயாக வேண்டும். எனக்கோ இன்று நடந்ததை எழுதாமல் தூக்கம் வராது.

என் மகள் உமாவுக்கு நான்கு வயது. போன மழைக்காலத்தில் சளி பிடித்து, இடது காதில் சீழ் வடிய ஆரம்பித்தது. அந்தப் பக்கம் நின்று கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். நானும் பி.ஏ. படித்தவள்தான், ஆனாலும் யாரோ சொன்னார்கள் என்று பூண்டு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயைக் காதில் விட்டேன். சீழ் அதிகமானதுதான் மிச்சம். பிறகுதான் ராயபுரத்துப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா குழந்தைகளின் காது ஒழுக்கை ஆராய்கிறார் என்று கேள்விப்பட்டு அழைத்துப் போனேன்.

அங்கே வருகிற வரிசைப்படி ஒரு குழந்தைக்குச் சொட்டு மருந்து. அடுத்த குழந்தைக்குப் பஞ்சுத் திரியால் துடைத்துப் பொடி தூவுவது. உமாவுக்குப் பொடி. "சொட்டு மருந்துதான் உசத்தியோ?" என்று முதல் நாளே கேட்டுவிட்டேன். "எது உசத்தி என்று எனக்குத் தெரிந்தால் எதற்கம்மா இத்தனை அட்டைகளில் எழுதிக்கொண்டிருக்கிறேன்?" என்று சிரித்தார். ஆறு வாரம் கழித்துக் காது கேட்கிறதா என்று பார்ப்பதாகவும், கேட்காவிட்டால் ஆபரேஷனைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். அந்த ஆறாவது வாரம் இன்று. மூன்று நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

காலை 6.50 பாசஞ்சர். எங்கள் உப்பு இலாகா குடியிருப்பிலிருந்து ஸ்டேஷனுக்கு ஒன்றேகால் மைல், குழந்தையோடு நடக்க அரை மணி. எனக்கு நாலணா, உமாவுக்கு அரை டிக்கெட் இரண்டணா. இடப்பக்க ஜன்னலோரம் உட்காருங்கள். நடுநடுவே கடல் எட்டிப்பார்க்கும். திருவொற்றியூர் நெருங்கியதும் ஜன்னலை இறக்கிவிடுங்கள். எஞ்சின் கரியும் ஆலைப் புகையும் சேர்ந்து வெள்ளைப் புடவையின் கதியைக் கேட்கவே வேண்டாம்.

வழித்துணை எனக்கு முகத்துவாரக்குப்பத்துத் தேசம்மா. அவள் மகள் அஞ்சலைக்கும் காதுதான். ஆறு வயது, சொட்டு மருந்துக் கட்சி. முதல் வாரத்திலிருந்தே ஒரே பெட்டியில் போகிறோம். போன மாதம் அஞ்சலை ரயிலில் உமாவுக்கு மீன் பெயர்களையெல்லாம் பாட்டாகச் சொல்லிக்கொடுத்துவிட்டாள். எங்கள் வீட்டில் மீன் கிடையாது. மாமியார் விளக்கேற்றும் நேரத்தில் உமா கையைத் தட்டிக்கொண்டு, "சுறா, வவ்வா, வஞ்சிரம்" என்று பாட, எனக்குத் தலையே சுற்றியது. "இந்தப் பேச்செல்லாம் இனிமேல் வாயில் வரக்கூடாது" என்று அதட்டி வைத்தேன்.

7.40க்கு ராயபுரம். ஆஸ்பத்திரி அங்கிருந்து ஒரு மைல். ரிக்ஷாக்காரர் எட்டணா கேட்டார். "இன்னா நைனா, ஆஸ்பத்திரிய திருப்பதிக்கு இஸ்துகினு பூட்டாங்களா? நாலணா வாங்கிக்கோ" என்றாள் தேசம்மா. அவர் சிரித்துக்கொண்டே ஐந்தணாவுக்கு வந்தார். "இன்னாத்துக்கும்மா மூஞ்சிய இப்டி வச்சிகினு கீற? புள்ள நல்லாத்தான் கீது" என்று வண்டியில் அவள்தான் என்னைத் தேற்றிக்கொண்டு வந்தாள்.

சோதனை நீளமான அறையில். குழந்தையைச் சுவர் பார்த்து நிறுத்தி, நர்ஸ் நல்ல காதை விரலால் மூடுகிறாள். இருபது அடி தள்ளி நின்று டாக்டரம்மா ரகசியக் குரலில் ஒவ்வொரு சொல்லாகச் சொல்ல, குழந்தை திருப்பிச் சொல்ல வேண்டும். அருகே துறைமுகத்து ரயில் பாதை. கூட்ஸ் வண்டி கடகடத்தால் டாக்டரம்மா கையைத் தூக்கி எல்லோரையும் நிறுத்திவிடுவார். முதலில் அஞ்சலை. பத்துக்கு எட்டு. அவள் கையில் ஒரு மிட்டாய்.

அடுத்து உமா. "சுறா" என்றார். பதில் இல்லை. "வஞ்சிரம்." இல்லை. பதினைந்து அடிக்கு வந்தார், பத்து அடிக்கு வந்தார். "நெத்திலி." என் குழந்தை சுவரையே பார்த்துக்கொண்டு அசையாமல் நின்றாள். டாக்டரம்மா அட்டையை எடுத்தார். பேனா மூடியைத் திருகினார்.

"டாக்டரம்மா, எய்திடாத!" என்று பெஞ்சிலிருந்து எழுந்தாள் தேசம்மா. "தயிர் சோறு துன்ற புள்ளைகிட்ட சுறாவக் கேட்டா இன்னாத்தச் சொல்லும்? அது துன்றதா பாத்துக் கேளு!"

டாக்டரம்மா தம் சொல் பட்டியலை எடுத்துப் பார்த்தார். குப்பத்துக் குழந்தைகளே அதிகம் வருவதால், அவர்களுக்குத் தெரிந்த பெயர்களாக எழுதி வைத்த பட்டியலாம் அது. பேனாவை மூடிவிட்டு, மறுபடி இருபது அடிக்குப் போய், "தயிர்" என்றார்.

"தயிர்!"

"முறுக்கு."

"முறுக்கு! சுறாவும் கேட்டுது, வஞ்சிரமும் கேட்டுது. அம்மாதான் சொல்லக் கூடாதுன்னா!"

அறை முழுக்கச் சிரிப்பு. நர்ஸ் காதை மூடிய விரலை எடுத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "சொல்லுடி கண்ணு, எல்லா மீனையும் சொல்லு" என்றேன். மறுபடி காதை மூடி, முதலிலிருந்து பட்டியல். பத்துக்கு ஒன்பது! அட்டையில் "ஆபரேஷன் தேவையில்லை" என்று அவர் எழுதியதை எட்டிப்பார்த்து இரண்டு தரம் படித்தேன். "இன்னாம்மா, பி.ஏ. படிச்சிகினு புள்ள வாய்க்குப் பூட்டு போட்டு இட்டாந்துகீற!" என்று தேசம்மா வழியெல்லாம் கேலி. திரும்பும்போது ரயிலிலும் பாட்டுதான். மாலையில் விளக்கேற்றும் நேரத்திலும் உமா அதையே பாடினாள். மாமியார் என்னைப் பார்த்தார். நான் திரியைத் தூண்டிவிட்டுக்கொண்டிருந்தேன்.

போக நினைப்பவர்களுக்கு: காதுப் பிரிவு திங்கள், வியாழன் மட்டும். எட்டு மணிக்குள் சீட்டு வாங்காவிட்டால் மதியம் ஆகிவிடும். தயிர்சாதமும் தண்ணீரும் எடுத்துப் போங்கள். காதில் எண்ணெய் மட்டும் விடாதீர்கள். விட்டிருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். நான் சொன்னேன், டாக்டரம்மா திட்டவில்லை, எழுதிக்கொண்டார்.

கடைசியாக ஒரு காரியம். பட்டியல் பொருந்தாமல், காது கேட்கிற எத்தனை குழந்தைகளுக்குக் கேட்கவில்லை என்று எழுதிவிட்டோமோ என்று டாக்டரம்மாவுக்குக் கவலை வந்துவிட்டது. எந்த வீட்டுக் குழந்தைக்கும் தெரிந்த சொற்களாகப் புதுப் பட்டியல் ஒன்று வேண்டுமாம். அதை என்னிடம் கேட்டிருக்கிறார். தேசம்மா குப்பத்தில் கேட்டு வருகிறாள். உங்கள் வீட்டு நாலு வயதுக் குழந்தை வாய் ஓயாமல் சொல்லும் சொற்கள் பத்தை எனக்கு எழுதி அனுப்புங்கள். வியாழக்கிழமை காலை வண்டிக்கு முன்னால் வேண்டும். தயவுசெய்து சீக்கிரம் பதில் போடுங்கள்.