கரிநாக்கு ஸ்பாஸ்

ப்ளோவ்திவ் நகரத்தில் பல் ஆஸ்பத்திரிகளுக்கு மென்பொருள் விற்கும் ஒரு கம்பெனியில் ஸ்பாஸுக்குக் கரிநாக்கு என்று பெயர். ஐம்பத்தெட்டு வயது மனுஷனைப் பார்த்து, நேற்று வேலைக்குச் சேர்ந்த பெண்கள் முகத்துக்கு நேராகவே, “கரிநாக்கு வருது, அவரோட லிஃப்ட்ல ஏறாதீங்கடி, நடுவுல நின்னுடும்” என்று சிரிப்பார்கள். அவனும் கூடச் சிரித்துவைப்பான். இத்தனைக்கும் அவன் செய்த குற்றம், “இதுக்கு மேல தாங்காது” என்று மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்ததுதான். அவன் சொன்னபடியே மெஷின் நின்றுபோகும்போதெல்லாம், நின்றதற்குக் காரணம் அவன் வாய்தான் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

கம்பெனியை ஆரம்பித்தவர்கள் இரண்டு பேர். டெலியானுக்கு வாய், ஸ்பாஸுக்குக் கை. கல்லூரி விடுதியில் ஒரே அறையில் கிடந்தவர்கள். பெயர்ப்பலகையில் டெலியான் பெயர் மட்டும் ஏறியபோது ஸ்பாஸ் அதைக் கவனித்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. அவனுக்கு வேறொரு பதவி இருந்தது. அவன் டெலியானின் கும். டெலியான் கல்யாணத்தில் மணமக்களுக்குப் பின்னால் நின்று, அவர்கள் தலைக்கு மேல் கிரீடங்களை மாற்றிவைத்தவன். பிறகு அவர்களுக்குப் பிறந்த ஓக்னியானை ஞானஸ்நானத் தொட்டியிலிருந்து தூக்கி வாங்கிய ஞானத்தகப்பன். அப்பனுக்குக் கும் ஆனவனே மகனுக்கும் கும் ஆவான், அது ரத்த சொந்தத்தைவிட ஒரு படி மேல். ஸ்பாஸுக்கும் அவன் மனைவி டோச்காவுக்கும் பிள்ளை இல்லை. திராட்சை அறுவடை முடிந்ததும் ஓக்னியானுக்குக் கல்யாணம். கோயிலில் அந்தப் பையனுக்குப் பின்னால் கிரீடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், ஸ்பாஸ் இந்த உலகத்திடம் கேட்டது அவ்வளவுதான். டெலியானுக்கும் அது தெரியும். தெரிந்த எதையும் அவன் சும்மா வைத்திருக்கிற ஆள் இல்லை.

தாங்காது தாங்காது என்று ஸ்பாஸ் அடித்துக்கொண்ட சமாசாரம் இதுதான். டெலியான் ஊர் ஊராகப் போய், “உங்க நோயாளிங்க விவரம் வேற எவனோட விவரத்தோடயும் கலக்காது. ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் தனி வீடு!” என்று விற்பான். தனி வீடு என்றால், ஒவ்வொரு புது வாடிக்கையாளருக்கும் டேட்டாபேஸில் நாற்பது டேபிள் புதிதாகத் திறக்க வேண்டும். நோயாளிக்கு ஒன்று, பல்லுக்கு ஒன்று, எக்ஸ்ரேக்கு ஒன்று, பில்லுக்கு ஒன்று என்று அது பாட்டுக்குப் போகும். ஆஸ்பத்திரிகள் பத்துப் பன்னிரண்டாக இருந்தவரை, சேர்ந்து வேலை செய்யும் ஒன்பது மெஷின்களுக்கும் பாரமே தெரியவில்லை. நூறைத் தாண்டியதும் மூச்சு வாங்கியது. ஒரு டேபிளுக்குள் ஒரு வரிகூட இல்லாவிட்டாலும், அப்படி ஒன்று இருக்கிறது என்பதற்கு ஒவ்வொரு மெஷினும் மெமரியில் இடம் ஒதுக்கி வைத்திருந்தாக வேண்டும். புதிதாக ஒன்றைத் திறந்தால், ஒன்பதும் தங்களுக்குள் பேசி, எல்லாரிடமும் ஒரே வரைபடம்தான் இருக்கிறது என்று ஒத்துக்கொள்ள வேண்டும். முன்பெல்லாம் கண் மூடித் திறப்பதற்குள் ஒத்துக்கொண்டவை, இப்போது ஒரு காப்பி குடித்து முடிக்கும்வரை இழுத்தடித்தன.

“அப்ப இன்னும் பத்து மெஷின் வாங்கிப் போடு. என்ன பெரிய விஷயம்?” என்றான் டெலியான், எல்லாரையும் கூட்டிவைத்திருந்த ஒரு நாள்.

“அதுல ஒரு பிரயோஜனமும் இல்லடா. ஹோட்டல்ல பரிமாற எத்தனை பேரை வேணா சேர்த்துக்கோ, மெனு சின்னதாயிடுமா? ஒவ்வொருத்தனும் முழு மெனுவையும் மனப்பாடம் பண்ணித்தானே ஆகணும்? ஆள் கூடக்கூட அவங்க கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வர்றதுக்குள்ள விடிஞ்சுடும்.”

“சரி, என்னதான் பண்ணணுங்கற?”

“எல்லா ஆஸ்பத்திரியையும் ஒரே நாப்பது டேபிளுக்குள்ள வைப்போம். எந்த வரி யாரோடதுன்னு அடையாளம் போட்டுட்டா போதும். ஒருத்தரோடது இன்னொருத்தர் கண்ணுல படாது.”

“தனி வீடுன்னு சொல்லி வித்துட்டு, எல்லாரையும் ஒரே சத்திரத்துல பாய் போட்டுப் படுக்கவைக்கச் சொல்றான் பாருங்க. நல்ல வாய்டா உனக்கு!” என்றான் டெலியான். அறை முழுக்கச் சிரித்தது. அன்றைக்கு ஒட்டிக்கொண்டதுதான் அந்தப் பெயர்.

அந்தக் கோடையில் வார்னாவிலிருந்து ஸ்லாவொவா வந்தாள். கருங்கடல் கரை நெடுக அவளுக்கும் அவள் புருஷனுக்கும் பல் ஆஸ்பத்திரிகள். அத்தனைக்கும் தனித்தனி வீடு வேண்டும், ஒரே நாளில் வேண்டும் என்றாள். டெலியான் தலையால் தண்ணீர் குடிக்கவும் தயாராக இருந்தான். திறப்பு விழாவுக்கு முன்தினம் ஸ்பாஸைத் தன் அறைக்குக் கூப்பிட்டான்.

“வா குமே, உட்காரு.” காரியம் ஆக வேண்டும் என்றால்தான் குமே, மற்ற நேரமெல்லாம் டேய் ஸ்பாஸ். “நாளைக்கு அந்தம்மா முன்னாடி நீ வாயைத் திறக்கக் கூடாது. தாங்காது, நின்னுடும், விழுந்துடும், ஒரு வார்த்தை வரக் கூடாது. மீறித் திறந்தேன்னு வை, என் பையனுக்கு நாக்குல தேன் தடவின கும் எவனையாவது தேடிக்கிறேன்.”

சொல்லிவிட்டு டெலியான் சிரித்தான். ஸ்பாஸும் சிரித்தான்.

புது வாடிக்கையாளர் வரும் நாளில் வாசற்படியில் செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றுவார்கள், காரியம் தண்ணீர் போலத் தடையில்லாமல் ஓடட்டும் என்று. அது ஊர் வழக்கம். அதற்குமேல் டெலியான் தானாக ஒரு சடங்கைச் சேர்த்திருந்தான். வாடிக்கையாளரே தன் கையால் பொத்தானை அழுத்தித் தன் டேபிள்களைத் திறக்க வேண்டும். புத்தியுள்ள எவனும் விருந்தாளி கையில் அப்படியொரு பொத்தானைக் கொடுக்கமாட்டான். இந்த முறை ஒன்றுக்கு இரண்டு பொத்தான். ஒன்று இங்கே ஸ்லாவொவா கையில், இன்னொன்று வார்னாவில் கேமரா முன்னால் உட்கார்ந்திருந்த அவள் புருஷன் கையில். இவள் முடித்த பிறகுதான் அவன் தொட வேண்டும் என்று ஸ்பாஸ் கெஞ்சி எழுதி அனுப்பியிருந்தான். ஒரு டேபிளைத் திற, ஒன்பது மெஷினும் ஒத்துக்கொள்ளும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார், பிறகு அடுத்ததைத் திற. அதுதான் அவன் வைத்திருந்த விதி.

ஸ்பாஸ் தண்ணீர் ஊற்றினான். ஸ்லாவொவா பொத்தானை அழுத்தினாள். திரையில் ஒரு அசைவும் இல்லை. மெஷின்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தன. கையில் கிளாஸோடு நின்ற கூட்டம் இருமத் தொடங்கியது.

“என்ன டெலியான், வீடு கொடுத்தீங்க, சாவி கொடுக்கலையா?” என்றாள் ஸ்லாவொவா.

டெலியானுக்குக் கழுத்தெல்லாம் வேர்த்துவிட்டது. குனிந்து தானே இன்னொரு தடவை அழுத்தினான். அதுவும் போதாதென்று கேமராவைப் பார்த்து, “வார்னா! நீங்களும் அழுத்துங்க, ரெண்டு பக்கமும் தள்ளுவோம்!” என்று கத்தினான்.

செம்போடு சுவரோரம் நின்ற ஸ்பாஸுக்கு ‘நிறுத்து’ என்ற சொல் தொண்டைவரை வந்துவிட்டது. அதே நேரம் டெலியான் திரும்பி அவனை ஒரு பார்வை பார்த்தான். ஸ்பாஸ் வாயை மூடிக்கொண்டான். கிரீடத்துக்காக அந்த ஒரு சொல்லை விழுங்கினான்.

வார்னாவிலிருந்த புருஷனும் அழுத்தினான். ஒரே பெயரில் இரண்டு டேபிள்கள், இரண்டு மூலையில், இரண்டு பிறப்பு அடையாளத்தோடு பிறந்தன. சில மெஷின்கள் இதுதான் அசல் என்றன, சில அதுதான் அசல் என்றன. ஏற்கெனவே மெமரி வழிந்துகொண்டிருந்த இடத்தில் இந்தச் சண்டையும் சேர, ஒன்று விழுந்தது, அதன் பாரத்தைத் தாங்கப் போய் அடுத்தது விழுந்தது. எழுப்பினால் ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கான டேபிள்களின் வரைபடத்தையும் முதலிலிருந்து படித்துவிட்டுத்தான் கண் திறந்தது. அன்று சாயந்திரம்வரை ஒரு ஆஸ்பத்திரியிலும் ஒரு பெயரைக்கூடப் பார்க்க முடியவில்லை. அதைவிட மோசம் ஒன்று நடந்தது. விழுவதற்கு முன் வார்னா டாக்டர்கள் நோயாளிகளின் பல் விவரத்தில் பதிந்த திருத்தங்களில் பாதி, கடைசியில் போலி என்று ஒதுக்கப்பட்ட டேபிளுக்குள் போய்ச் சேர்ந்து தொலைந்தன. மறுநாள் அங்கே ஒரு பஸ் டிரைவருக்குச் சொத்தைப் பல்லை விட்டுவிட்டுப் பக்கத்திலிருந்த நல்ல பல்லைப் பிடுங்கிவிட்டார்கள்.

“செம்பைப் பிடிச்சது யாரு? கரிநாக்குதானே. அப்புறம் எப்படி விளங்கும்?” என்றார்கள் ஆபீஸில். அன்று அவன் வாயையே திறக்கவில்லை என்பது யாருக்கும் உறைக்கவில்லை.

டெலியான் அவனை மாடிப்படிக்குத் தள்ளிக்கொண்டு போனான். அழுதான். உண்மையாகவே அழுதான், அழுகையும் அவனுக்குத் தொழிலில் கைகொடுப்பதுதான்.

“குமே, எவ்வளவு தாங்கும்னு எனக்கு முன்னாடியே தெரியும்னு வெளிய வந்தா நான் ஒழிஞ்சேன். கம்பெனியும் ஒழிஞ்சுது. நீ சொல்லு, தாங்கும்னு நீதான் எனக்கு உறுதி கொடுத்தேன்னு. கண்துடைப்புக்கு ரெண்டு மாசம் வீட்ல இரு, அப்புறம் கூப்பிட்டுக்கிறேன். என் பையன் மேல சத்தியம், கோயில்ல நீதான் நிக்கற.”

வாடிக்கையாளர்கள் கூடிய மண்டபத்தில், கேமரா முன்னால், ஸ்பாஸ் எழுந்து நின்றான். “எத்தனை டேபிள் வேணும்னாலும் தாங்கும், எத்தனை தடவை வேணும்னாலும் அழுத்தலாம்னு நான்தான் டெலியான்கிட்ட சொன்னேன். இதுக்கு ஒரு அளவு இருக்குன்னு எனக்குத் தெரியாது.” மூன்று வருஷமாக அவன் தாங்காது என்று கத்தியதைக் கேட்ட ஆபீஸ் ஆட்கள் பின்வரிசை முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். ஒரு வாயும் அசையவில்லை. அன்றே அவனை வேலையை விட்டு நீக்கியதாக அறிவித்தார்கள், ஸ்லாவொவா கை தட்டினாள். வெட்கம் கெட்ட கூட்டம்.

இரண்டு மாதம் போயிற்று. டெலியான் ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. இதற்குள் புது ஆட்களைப் போட்டு எல்லா ஆஸ்பத்திரிகளையும் ஒரே நாற்பது டேபிளுக்குள் கொண்டுவந்துவிட்டான். தலைநகர் சோபியாவில் ஏதோ மாநாட்டில் மேடையேறி, இது தன் யோசனை என்று அதைப் பற்றிப் பேசியும் வந்தான்.

அறுவடை முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, டெலியானும் ஓக்னியானும் வீட்டு ரொட்டியும் ஒரு பாட்டில் ரக்கியா என்ற பழச் சாராயமுமாகப் படியேறி வந்தார்கள். கும்மைக் கல்யாணத்துக்கு அழைக்க அப்படித்தான் வருவார்கள். டோச்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. நல்ல மேசைவிரிப்பை எடுத்து விரித்தாள், சீஸும் தக்காளியும் நறுக்கினாள்.

“ஸ்பாஸ்,” என்றான் டெலியான். குமே என்று சொல்லவில்லை. “ஸ்லாவொவா குடும்பம் எங்களுக்குக் கும்மா நிக்கறோம்னு கேட்டிருக்காங்க. பழைய கும் மனசார விட்டுக்கொடுத்தாத்தானே புது ஆள் நிக்க முடியும். நீ இந்த ரொட்டியைப் பிட்டுக் கொடுத்தா போதும்.”

டோச்கா கத்தியைக் கீழே வைத்தாள்.

“சத்தியம் பண்ணினியேடா,” என்றான் ஸ்பாஸ்.

“கல்யாணத்துக்கு வர்றதுல பாதிப் பேர் நம்ம டாக்டருங்க. அத்தனை பேர் முன்னாடி நீ ஒத்துக்கிட்டிருக்க. அதே ஆள் கிரீடத்தைப் பிடிச்சிட்டு நின்னா பார்க்க நல்லாவா இருக்கும்? நீயே சொல்லு.”

“ஓக்னியான்!” என்றாள் டோச்கா. “யார் அழுத்தினது, யாருக்கு முன்னாடியே தெரியும், உங்கப்பனைக் கேளு. இங்க வச்சே கேளு!”

பையன் அப்பாவைக் கேட்கவில்லை. ஸ்பாஸ் பக்கம் திரும்பினான். “ஞானப்பா, நான் வீட்ல சண்டையே போட்டேன். நீங்க அப்படிச் சொல்லியிருக்கவே மாட்டீங்கன்னு. அப்புறம் அந்த வீடியோவைக் காட்டினாங்க. நீங்களே உங்க வாயால சொல்றீங்க. அது பொய்யா? பொய்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்களைத் தவிர வேற யாரும் எனக்குப் பின்னாடி நிக்க வேணாம்.”

ஸ்பாஸ் டெலியானைப் பார்த்தான். டெலியான் ரொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் காது மடல்கள் வெளுத்திருந்தன. பொய் என்று சொன்னால் பையன் கிடைப்பான். ஆனால் கல்யாணத்துக்கு நாள் நெருங்கும் நேரத்தில், அவனுக்கு அப்பன் என்று மதிக்க ஒருவன் இருக்கமாட்டான்.

“பொய் இல்லடா,” என்றான் ஸ்பாஸ். “எனக்குத் தெரியாமதான் போச்சு.”

ரொட்டியைப் பிட்டு நீட்டினான். ஓக்னியான் வாங்கிக்கொண்டான். கும்மின் கையில் முத்தமிட்டுவிட்டுத்தான் கிளம்புவது வழக்கம். ஸ்பாஸ் கையை நீட்டியும்விட்டான். பையன் அதைப் பிடித்து, ஆபீஸில் கை குலுக்குவது போல ஒரு குலுக்குக் குலுக்கினான்.

“அந்த டிரைவருக்கு ரெண்டு பொண்ணுங்களாம். போய்ப் பார்த்து ஒரு மன்னிப்பாவது கேட்டீங்களா?” என்றான்.

டெலியான் ஸ்பாஸின் தோளை அழுத்தி, “நல்ல மனசுடா உனக்கு” என்று சொல்லிவிட்டு மகனோடு இறங்கிப் போனான். அவனைப் படியிலேயே தள்ளிவிட வேண்டும் போல ஸ்பாஸுக்கு ஆத்திரம் பொங்கியது. தள்ளவில்லை. இருட்டாக இருக்கிறதே என்று படிக்கட்டு விளக்கைப் போட்டான்.

உள்ளே வந்தபோது டோச்கா மேசைவிரிப்பை மடித்துக்கொண்டிருந்தாள்.

“அன்னிக்குப் பையன் கிடைப்பான்னு பொய் சொன்ன,” என்றாள். “இன்னிக்கு அந்தப் பையன் முகத்தைப் பார்த்துச் சொன்னியே, அது யாருக்காக?”

அவன், “அதுவும் பையனுக்காகத்தான்” என்றான்.

“அவன் அந்தப் பொய்யைச் சாகிறவரைக்கும் நம்புவான்,” என்றாள் அவள்.