செம்மண் படாத பூட்ஸ்

இன்று காரைக்குடிக் கடையொன்றில் பூட்பாலிஷ் வாசனை மூக்கில் ஏறியதும், அப்பாவின் பூட்ஸைக் கவிழ்த்துப்போட்டு அடிப்பாகத்தைத் துருவித் துருவிப் பார்க்கும் அம்மா நினைவுக்கு வந்துவிட்டாள். விவசாயியான அப்பா, கோடையில் சில வாரம் மட்டும் கூடும் ரிசர்வ் பட்டாளக் கம்பெனியின் பயிற்சிக்காக, சாக்கோட்டைப் பக்கம் இப்போது வீட்டுமனைக் கற்கள் நிற்கும் செம்மண் பொட்டலுக்குப் போய், பூட்ஸில் முகம் தெரியும் பளபளப்போடு திரும்புவார்.

"செம்மண்ணுல ஓடுனவுக பூட்ஸுல பொட்டு மண்ணு இல்லையே, நெசமா எங்குட்டுப் போயிட்டு வாரீக?" என்பாள் அம்மா.

"தொடச்சுக் காட்டாம கேம்ப்பு கேட்டைத் தாண்ட விடமாட்டாக" என்பார். அவள் நம்பியதில்லை, நானும்தான்.

கம்பெனியைக் கலைத்த மறுவருஷக் கோடையிலும் அப்பா பூட்ஸ் மாட்டிக்கொண்டு கிளம்பினார். இன்று பிடித்துவிடுவது என்று அம்மா வாசலிலேயே காத்திருந்தாள். துடைத்துக் காட்டச் சொல்ல ஆளில்லாத பொட்டலிலிருந்து சாயங்காலம் திரும்பியவரின் பூட்ஸில் கணுக்கால்வரை செம்மண். அம்மா குனிந்து முந்தானையால் துடைத்தாள்.