பறியின் விளிம்பில் ஒரு பல் தடம்

எங்கள் மீஞ்சூர் வீட்டுச் சமையலறையில், அரிசி டப்பாவுக்கு மேலே ஆணியில் ஒரு பறி தொங்குகிறது. பனையோலையில் முடைந்த, வாய் குறுகிய கூடை. அதன் விளிம்பில் ஓர் இடம் மட்டும் நைந்து, கறுத்து, உள்ளே அமுங்கியிருக்கும். அது என் அம்மாவின் பல் தடம். பழவேற்காடு ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்களுக்கு இரண்டு கையும் சேற்றுக்குள் வேண்டும். அதனால் பறியை வாயில் கவ்விக்கொண்டு, கழுத்தளவுத் தண்ணீரில் குந்தியபடியே நகர்வார்கள். அம்மாவின் முன்பற்கள் நாற்பது வயதுக்குள் தேய்ந்து சாய்ந்துவிட்டன. அவள் போய் இரண்டு வருடமாகிறது. பிள்ளை இருக்கிற வீட்டில் பூச்சி சேருமோ என்று பத்து தடவை யோசித்துத்தான் இந்தப் பறியை எடுத்துவந்தேன். எதையும் நான் அப்படித்தான் செய்கிறேன்.

எனக்கு ஏழு வயதில் நைனா இறந்துபோனார். அடுத்த கோடையில் ஏரியின் முகத்துவாரம் மணல் சேர்ந்து அடைத்துக்கொண்டது. கடல்தண்ணீர் உள்ளே வரவில்லை, இறாலும் வரவில்லை. அம்மா இன்னும் தூரம் போய்த் தடவினாள். ஒருநாள் திருக்கை மீனின் முள் குத்தி, கால் வீங்கிப் படுத்துவிட்டாள். பார்க்க வந்த எதிர்வீட்டு அத்தை சும்மா இருக்கவில்லை. “ஞாயித்துக்கெழமையானா கோயிலு கோயிலுன்னு ஓடனியே, உன் சாமி இன்னா கிழிச்சாரு?” என்று கேட்டாள். அம்மா வலியோடே சிரித்தாள். “நான் சேத்துல கைய வுட்டாத்தான் எங்களுக்குச் சோறு. அவுரு என்னைக் கைவுட்டா அவ்ளோதான். இன்னும் வுடல, பாத்துக்கோ.”

“ஆமாமா, திருக்கைக்கு வழி காட்னதே அவுருதான்” என்று சொல்லிவிட்டு, அத்தை தூக்குச்சட்டியில் கொண்டுவந்திருந்த கஞ்சியைப் பக்கத்தில் வைத்தாள். “இதோ, அனுப்பிட்டாரு பாரு” என்றாள் அம்மா. அத்தையே சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கஞ்சி எத்தனை வேளைக்கு வரும் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பொன்னேரியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போட அம்மா பள்ளிக்கு வந்தாள். தலைமுடியில் உப்பு, நகக்கண்ணில் கறுப்புச் சேறு. பேசும்போது சாய்ந்த பற்களைப் புடவைத் தலைப்பால் மறைத்துக்கொள்வாள். “யாருடி அது?” என்று பக்கத்தில் இருந்தவள் கேட்டாள். “பக்கத்து வீட்டம்மா” என்றேன். அம்மா நாலடி தள்ளித்தான் நின்றிருந்தாள். “பொண்ணுக்கு நீங்க என்ன வேணும்?” என்று டீச்சர் கேட்டபோது அம்மா என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு, “பெத்தவ” என்றாள். அந்த ஒரு சொல்தான்.

வீட்டுக்கு வந்தும் அடிக்கவில்லை. அதற்குப் பதில் ஒரு வாரம் முழுக்க என்னை வறுத்தெடுத்தாள். “பக்கத்து வூட்டுக்காரி ஆக்குன கொயம்பு, உனுக்குப் புடிக்குமோ இன்னாவோ” என்று தட்டை வைப்பாள். “அடுத்த வூட்டுப் பொண்ணுக்கு நான் எதுக்குத் தலை பின்னணும்?” என்று கேட்டுக்கொண்டே பின்னிவிடுவாள். வாரக் கடைசியில் நான் அழுதபோதுதான் சீப்பைக் கீழே வைத்தாள். “நீ ஆருன்னு நீ மறந்தாலும் அவுரு மறக்கமாட்டாரு. நானும் மறக்கமாட்டேன், போ.”

மறந்தேன். போன மாதம் மறுபடியும் மறந்தேன்.

எங்கள் சபையின் ஸ்தோத்திரக் கூட்டத்தில், கர்த்தர் என் வாழ்க்கையில் செய்ததை எல்லோர் முன்பும் எழுந்து சாட்சி சொல்லும்படி கேட்டார்கள். பாஸ்டரம்மா எனக்காக ஒரு தாளில் எழுதியே கொடுத்துவிட்டார். “தடவுற வேலைன்னெல்லாம் வேணாம்மா, கேக்க ஒரு மாதிரி இருக்கு. இறால் வியாபாரம்னு சொல்லிடு” என்றார். அன்பாகத்தான் சொன்னார். மறுத்தால் என்ன நினைப்பாரோ என்று பயந்து தாளை அப்படியே வாசித்தேன். கர்த்தர் என்னைச் சேற்றிலிருந்து தூக்கி எடுத்தார் என்று முடித்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். திரும்பும்போது ஆட்டோவில் என் ஐந்து வயது மகள் கேட்டாள்: “அம்மா, ஆயா வியாபாரமா பண்ணாங்க? வாயில கவ்வுவாங்கன்னு நீதானே சொன்ன?”

அன்றைக்கு வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை. எந்தச் சேறு? எனக்குச் சோறு போட்ட சேறு. சீருடையும் பஸ் பாஸும் புத்தகமும் வந்தது அந்தச் சேற்றிலிருந்துதான். கடவுள் கரையில் நின்றுகொண்டு என்னை மட்டும் தூக்கினார் என்றால், அம்மாவை அங்கேயே விட்டுவிட்டாரா? கைதட்டிய ஒருவருக்கும் இது தோன்றவில்லையா? அவர்களைச் சொல்லி என்ன? படித்தவள், வாசிக்கத் தெரிந்தவள், கையில் கொடுத்த பொய்யைப் பிழையில்லாமல் வாசித்தவள் நான். கைவிட்டவள் நான். அவர் இல்லை.

அடுத்த ஞாயிறு பறியை எடுத்துக்கொண்டு போனேன். “இத எதுக்கும்மா உள்ள கொண்டாந்த? செருப்பாண்ட வெச்சிட்டு வா” என்றார் வாசலில் நின்ற பெரியவர். வைக்கவில்லை. சாட்சி நேரத்தில் எழுந்து நின்றேன். யோசித்து வைத்ததில் பாதி மறந்துபோனது, குரல் கீச்சென்றது. “போன வாரம் நான் சொன்னது பொய். எங்கம்மா வியாபாரம் பண்ணல. ஏரியில இறா தடவுனாங்க. கர்த்தர் என்னை அந்தச் சேத்துலேர்ந்து தூக்கல. எங்கம்மாவோட அந்தச் சேத்துலயே இருந்தாரு.” யாரும் கைதட்டவில்லை. பாஸ்டரம்மா குனிந்து பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். பின்வரிசையில் ஒரு வயதான அம்மா மட்டும் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அவர் பற்களை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையும் இருக்கவில்லை.

நேற்று ஆணியில் பறியைக் காணோம். கூடத்தில் மகள் அதன் விளிம்பைக் கவ்விக்கொண்டு, குந்தியபடியே தரையை இரண்டு கையாலும் தடவிப் போய்க்கொண்டிருந்தாள். அழுக்கு, கிருமி, எடு என்று வாய்வரை வந்தது. அவளுடைய சின்னப் பற்கள் சரியாக அந்த அமுங்கிய இடத்தில் பதிந்திருந்தன. “யாருடி நீ?” என்று கேட்டேன்.

வாயில் பறி இருந்ததால் அவளால் பதில் சொல்ல முடியவில்லை. ஒரு கையை மட்டும் எடுத்து, கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கும் அம்மாவின் படத்தைக் காட்டினாள்.